குடிக்காதவனின் கல்லீரல்

ஆறு வருடம் என் மனைவியைப் பரிசோதனைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். நான் ஒரு நாள்கூடப் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வேறு எங்கிருந்து தொடங்கினாலும் நான் பாவப்பட்டவனாகத் தெரிய ஆரம்பித்துவிடுவேன்.

எங்களுக்குச் சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அவள் திருக்கோவிலூர்ப் பெண். கல்யாணமானபோது எனக்கு இருபத்தெட்டு, அவளுக்கு இருபத்தாறு. சங்கராபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அவளுக்கு வேலை. சாதிச் சான்றிதழ், பட்டா, ரேஷன் கார்டு என்று வருகிறவர்களுக்கு விண்ணப்பம் பதிந்து கொடுப்பாள். நான் கள்ளக்குறிச்சியில் ஒரு கூல்டிரிங்க்ஸ் ஏஜென்சியில் வேன் ஓட்டினேன். ஓட்டுவது, கடைக்குக் கடை இறங்கி ஆர்டர் எடுப்பது, பெட்டி இறக்குவது எல்லாம் நான் ஒருவனேதான். என் லைன் கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறி, வெள்ளிமலை, கரியாலூர் வரை போகும். வாரத்தில் மூன்று நாள் மலை, மூன்று நாள் கீழே.

வீட்டில் எங்களோடு அம்மா. அப்பா இல்லை. குடித்தே செத்தார். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, கடைசி மாதம் எங்கள் யாரையும் அடையாளம் தெரியாமல் கிடந்தார். எனக்கு அப்போது பதினான்கு வயது. அடக்கம் முடிந்த வாரமே அம்மா என்னை எங்கள் மாதா கோயிலுக்குக் கூட்டிப்போய், பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நிற்க வைத்து, சாராயத்தைத் தொட மாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். அதை நான் இன்றுவரை மீறவில்லை. கல்யாணம், சாவு, கோயில் திருவிழா எதுவாக இருந்தாலும் என் வயதுப் பையன்கள் மறைவாக ஒதுங்குவார்கள். நான் கையில் ஒரு கலர் சோடா பாட்டிலோடு பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்திருப்பேன். “எம் புள்ளைக்குக் கலரு போதும். வேற ஒண்ணும் தொட மாட்டான்” என்று அம்மா எல்லோரிடமும் சொல்வாள். பெண் பார்க்கப் போனபோதும் அதைத்தான் முதலில் சொன்னாள். என் மாமியார் அதைக் கேட்டுத்தான் சம்மதித்தார்.

வேன் வேலையில் சேர்ந்த பிறகு நான் குடிக்கும் கலருக்குக் கணக்கு வழக்கே இல்லாமல் போனது. லேபிள் கிழிந்த பாட்டில், மூடி நசுங்கிய பாட்டில், தேதி முடியப்போகிற பாட்டில் என்று ஒரு பெட்டி எப்போதும் வேனில் தனியாகக் கிடக்கும். கடைக்குப் போட முடியாது. நான்தான் குடிப்பேன். மிச்சம் வீட்டுக்கு வரும். அம்மா அவற்றை ஃபிரிட்ஜில் அடுக்கிவைத்து, நான் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டதும் ஒன்றை எடுத்துத் துடைத்து நீட்டுவாள். குடித்த அரை மணியில் மறுபடி தாகம் எடுக்கும். தண்ணீர் குடித்தால் அந்தத் தாகம் தீராது.

நான்கு வருடத்தில் எழுபத்தெட்டு கிலோவாக இருந்தவன் நூற்று நான்கு ஆனேன். வயிறு வந்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை, வசதி வந்துவிட்டது என்பார்கள். எனக்கு மார்பும் வந்தது. சட்டைக்குள் இரண்டு பனியன் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். ஒருமுறை கோயில் வாலிபர் கூட்டத்தோடு கரியாலூர்ப் பக்கம் அருவிக்குப் போனோம். எல்லோரும் சட்டையைக் கழற்றிப் பாறையில் போட்டுவிட்டு இறங்கினார்கள். சளி பிடித்திருக்கிறது என்று சொல்லி நான் கரையிலேயே உட்கார்ந்து செருப்புகளுக்குக் காவல் இருந்தேன்.

கழுத்தைச் சுற்றிக் கருப்பாக ஒரு பட்டை விழுந்தது. சனிக்கிழமைகளில் நான் தலைக்குக் குளிக்கும்போது என் மனைவி பீர்க்கன் நாரை எடுத்துக்கொண்டு வந்து தேய்ப்பாள்.

“மலையில சுத்திக்கினு வந்தா இவ்ளோ அழுக்கா சேரும்? போவவே மாட்டேங்குதுங்க.”

தோல் எரியும்வரை தேய்ப்பாள். நானும் அழுக்கு என்றே நினைத்தேன்.

இன்னொன்றும் இருந்தது. அதை எழுதக் கை வரவில்லை, ஆனால் எழுதாவிட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். முப்பத்தொரு வயதில் எனக்கு அவள்மேல் இருந்த ஆசை போய்விட்டது. அன்பு போகவில்லை. உடம்பில் அந்த எண்ணமே எழவில்லை. சாப்பிட்டதும் கண் சொருகும், படுத்ததும் குறட்டை. அவள் என்னைவிட முன்னாலேயே அதைக் கவனித்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அம்மா வீட்டில் இல்லாத நேரம், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

“உங்களுக்கு என்னப் புடிக்கலையா?”

“இன்னா பேச்சு இது?”

“புடிக்கலன்னா சொல்லிடுங்க. நான் தெரிஞ்சிக்கினு இருந்துக்கிறேன்.”

நான் கத்தினேன். நாள் முழுக்கப் பெட்டி தூக்குகிறவனிடம் கேட்கிற கேள்வியா என்று கத்தினேன். அவள் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. அவளுக்கு அவள்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை அப்படியே விட்டுவைத்தேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

அதற்குள் அவள், குழந்தை இல்லையென்று, கள்ளக்குறிச்சியில் ஒரு பெண் மருத்துவரிடம் போக ஆரம்பித்திருந்தாள். ஸ்கேன், ரத்தம், மாதாமாதம் மாத்திரை, ஒரு தடவை வயிற்றில் குழாய் விட்டுப் பார்த்தது. அந்த வலியில் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள், உட்கார முடியாமல். தவக்காலத்தில் நாற்பது நாளும் ஒரு வேளைச் சாப்பாடு. மருத்துவர் மூன்று தடவை சொல்லியனுப்பினார், கணவர் வர வேண்டும் என்று. மூன்று தடவையும் ஒரே பதில் சொன்னேன்.

“எனுக்கு இன்னா? நல்லாத்தான இருக்கேன்.”

அப்பாவுடன் பிறந்த அத்தையின் பேரனுக்கு ஞானஸ்நானம் நடந்த அன்று ஒன்று நடந்தது. பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. என் மனைவி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதன் விரலை எண்ணிக்கொண்டிருந்தாள். அத்தை வந்து, “குடும்மா, பால் குடிக்கிற நேரம்” என்று வாங்கிக்கொண்டார். குழந்தை பாலுக்கு அழவே இல்லை. அத்தை உள்ளே போய் யாரிடமோ சொன்னது பந்தியில் இருந்த எனக்குக் கேட்டது. “நல்ல நாளும் அதுவுமா, பெத்தவங்க தூக்கட்டும்.” என் இலைக்குப் பக்கத்தில் ஆரஞ்சு கலர் டம்ளர் இருந்தது. நான் அதை எடுத்துக் குடித்தேன். பிறகு இன்னொரு டம்ளர் ஊற்றச் சொன்னேன்.

திரும்பி வரும்போது பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்தவள் கேட்டாள்.

“கேட்டுச்சு இல்ல உங்களுக்கு?”

“இன்னாது?”

“கேட்டுச்சு” என்றாள். அவ்வளவுதான்.

அவள் வீட்டை விட்டுப் போனது அதற்கு இரண்டு மாதம் கழித்து. அம்மா பக்கத்து வீட்டுக்காரியை வைத்துக்கொண்டு, “இவள ஒரு தடவ வெறும் காலோட கோயிலுக்கு நடக்க வுடணும். அப்பத்தான் மாதா கண்ணத் தொறப்பாங்க” என்றாள். என் மனைவி ஏற்கெனவே இரண்டு வருடம் அந்தத் தூரத்துக் கோயில் யாத்திரையில் நடந்தவள். கால் கொப்புளம் ஆற எத்தனை நாள் ஆனது என்பது அம்மாவுக்கும் தெரியும். என் மனைவி உள்ளே போய்ப் பையில் துணிகளை வைத்தாள். நான் பின்னாலேயே போனேன். அவள் குரல் உயரவில்லை.

“நீங்க டெஸ்ட்டு எடுத்துட்டு போன் பண்ணுங்க. அதுக்கு முன்னாடி பண்ணாதீங்க.”

பத்தொன்பது நாள் நான் போகவில்லை. மலை லைனுக்குப் போனேன், வந்தேன், குடித்தேன், தூங்கினேன். இருபதாம் நாள் கச்சிராயபாளையத்தில் ஒரு கடையில் பெட்டி இறக்கும்போது மூச்சு வாங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுத்தார்கள். மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கள்ளக்குறிச்சிக்குப் போனேன்.

லேபில் ரத்தம் எடுத்தார்கள், வயிற்றில் ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு விந்துப் பரிசோதனைக்கு என்று என் பெயர் எழுதிய சின்ன டப்பா ஒன்றைக் கையில் கொடுத்து, கடைசியில் இருந்த கழிவறையைக் காட்டினார்கள். முக்கால் மணி நேரம் உள்ளே நின்றேன். வெளியே ஆட்கள் நடக்கிற சத்தம், டோக்கன் நம்பர் கூப்பிடுகிற சத்தம். யாரோ கதவைத் தட்டி, “உள்ள யாரு? சீக்கிரம்” என்றார்கள். என் உடம்பு எனக்கு உதவவில்லை. சுவரில் தலையை வைத்துக்கொண்டு நின்றபோது என் மனைவி இந்த ஆறு வருடத்தில் எத்தனை கட்டிலில், எத்தனை பேர் முன்னால், எப்படியெல்லாம் படுத்திருப்பாள் என்று முதல் முறையாக நினைத்துப் பார்த்தேன். அன்று வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். இன்னொரு நாள் போய்த்தான் கொடுக்க முடிந்தது.

மருத்துவர் ஐம்பது வயதுக்காரர். என் மனைவி பார்த்தது இவரிடம்தான். ரிப்போர்ட்டுகளை வரிசையாகப் பரப்பிப் பார்த்துவிட்டு, நிமிராமலே கேட்டார்.

“எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?”

“இன்னாதுங்க மேடம்?”

“டிரிங்க்ஸ்.”

“நான் குடிக்க மாட்டேங்க.”

“பரவாயில்ல, சொல்லுங்க. லிவர் பூரா கொழுப்பு இருக்கு. குடிக்கிறவங்க லிவர் மாதிரி இருக்கு.”

என் காதில் ரத்தம் ஏறியது. “சத்தியமா ஒரு சொட்டு தொட்டதில்லீங்க மேடம். எங்கப்பா அதுலதான் செத்தாரு. நான் கோயில்ல சத்தியம் பண்ணவன்.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பேனாவை எடுத்தார்.

“சரி. தண்ணியத் தவிர ஒரு நாளைக்கு வேற என்னென்ன குடிப்பீங்க? காலையில இருந்து வரிசையா சொல்லுங்க.”

சொன்னேன். வீட்டில் காபி. கச்சிராயபாளையத்தில் டீ, சர்க்கரை ஜாஸ்தி. அடிவாரத்தில் ஒரு மாம்பழ ஜூஸ். வெள்ளிமலையில் ஒரு கலர், டீ. மதியச் சாப்பாட்டோடு ஒரு பெரிய பாட்டில், அதில் பாதி. இறங்கும்போது மீதி. சாயங்காலம் வீட்டில் அம்மா கொடுப்பது. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தவர் பாதியில் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். இனிப்பைத் தண்ணீராகக் குடித்தால் வயிறு நிறைந்ததாக மூளைக்குத் தெரிவதில்லையாம். குடித்த சர்க்கரையில் பெரும்பங்கு கல்லீரலுக்குப் போகிறது. அது தாங்க முடியாமல் கொழுப்பாக மாற்றித் தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறிக்கொண்டே இருப்பதால் இன்சுலின் சுரந்துகொண்டே இருக்கிறது.

“இன்சுலின் ஜாஸ்தியா இருக்கிற வரைக்கும் உடம்பு கொழுப்ப சேத்து வெக்கத்தான் பாக்கும், கரைக்க விடாது. உங்க கழுத்துல இருக்கே கருப்பு, அது அதோட அடையாளம். அழுக்கு இல்ல.”

நான் கழுத்தைக் கையால் மூடிக்கொண்டேன்.

“போதும்னு சொல்ற ஹார்மோன் ஒண்ணு கொழுப்புல இருந்துதான் வருது. அது ரொம்ப அதிகமானா மூளை அதக் கேக்குறத நிறுத்திடும். அதனாலதான் உங்களுக்குப் பசியும் தாகமும் அடங்கல. வயித்துல இருக்கிற கொழுப்பு இன்னொரு வேலையும் பண்ணுது. ஆண் ஹார்மோன எடுத்துப் பெண் ஹார்மோனா மாத்துது. மார்பு வர்றது, ஆசை குறையறது, உயிரணு கம்மியாகறது எல்லாத்துக்கும் அதுல பங்கு இருக்கு. இது மட்டும்தான் காரணம்னு நான் அடிச்சிச் சொல்ல மாட்டேன். ஆனா உங்க ரிப்போர்ட்ல எல்லாம் ஒரே பக்கம்தான் கையக் காட்டுது.”

“அப்ப எம் பொண்டாட்டிக்கு?”

“அவங்ககிட்ட ஒரு குறையும் இல்ல. மூணு வருஷம் முன்னாடியே சீட்டுல எழுதியிருக்கேன், கணவரைப் பாக்கணும்னு. நீங்க படிக்கலையா?”

படித்திருந்தேன். அந்த வரியை அவள் பேனாவால் சுற்றி வட்டம் போட்டு டிவி மேல் வைத்திருந்தாள். ஒரு மாதம் அது அங்கேயே கிடந்தது.

“சரியாவுங்களா மேடம்?”

“ஆகலாம். விட்டீங்கன்னா நிறைய மாறும். எப்ப மாறும்னு என்னால தேதி குடுக்க முடியாது.”

வெளியே வந்து அவளுக்குப் போன் போட எடுத்தேன். போடவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. முதலில் விட்டுவிடுவோம், ஒரு வாரம் விட்டுக் காட்டிவிட்டுச் சொல்வோம் என்று நினைத்தேன். அது இன்னொரு கோழைத்தனம்.

விடுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. அப்பா சாராயத்தை விட்ட நாட்களில் கை நடுங்கி, அம்மாமேல் எரிந்து விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அவ்வளவு இல்லை. ஆனால் முதல் நாள் பதினொரு மணிக்கே தலை பிளந்தது. இரண்டாம் நாள் ஒரு கடைக்காரரிடம் காரணமில்லாமல் சண்டை போட்டேன். பின்னால் நூற்றுக்கணக்கான பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வளைவு வளைவாக மலை ஏறினேன்.

மூன்றாம் நாள் கரியாலூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் வண்டியை நிறுத்தினேன். தகரக் கூரை போட்ட ஒரே ஒரு கடை. கடைக்காரம்மா பெட்டி எண்ணிக்கொண்டிருந்தபோது, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். மரவள்ளிக் காட்டு வேலைக்குப் போகிறவள். குழந்தைக்கு ஒன்றரை வயது இருக்கும். அதன் வாயில் பால் புட்டி. புட்டிக்குள் இருந்தது மஞ்சளாக இருந்தது. அந்த மஞ்சளை எனக்கு நன்றாகத் தெரியும்.

“புள்ள இன்னாம்மா குடிக்குது?”

“ஜூஸ்ண்ணா. நீங்க கொண்டாந்து போடுறதுதான்.”

“பால் குடுக்கலாம் இல்ல?”

“பாலுக்கு நான் எங்கண்ணா போவேன்? இது பத்து ரூபாய்க்குக் கிடைக்குது. குடிச்சா அழுவாம தூங்குது. நான் வேலைக்குப் போவணும் இல்ல?”

குழந்தை புட்டியை எடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தது. முன்பல் நான்கும் கருத்து அரித்துப் போயிருந்தன. டாக்டரம்மா சொன்னதெல்லாம் என் வாய்வரை வந்தது. என் வண்டியில் ஏஜென்சி பெயர் எழுதியிருந்தது; என் கையில் அந்தக் கடைக்குப் போட வேண்டிய பெட்டி இருந்தது. நான் என்னவென்று சொல்ல?

“ரெண்டு பெட்டி ஜாஸ்தியாவே போடுங்க” என்றார் கடைக்காரம்மா. “லீவு வருது, அருவிக்கு ஆளு வருவாங்க.”

போட்டேன்.

இரண்டு வளைவு இறங்கியதும் வண்டியை ஓரம் கட்டினேன். பின்கதவைத் திறந்து நின்றுகொண்டே குடித்தேன். லேபிள் கிழிந்ததையோ மூடி நசுங்கியதையோ தேடவில்லை, விற்க வேண்டிய பெட்டியைக் கிழித்தே எடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது பாதியில் வாந்தி வந்தது. சட்டை, கை, தாடி எல்லாம் பிசுபிசுத்தன. ஈ மொய்த்தது. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து அழுதேன். ஒரு பஸ் கடந்து போனது. ஜன்னலோரம் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று நினைத்திருப்பார்கள். தப்பாக நினைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபைலை எடுத்துக்கொண்டு திருக்கோவிலூருக்குப் போனேன். மாமியார், “வாங்க மாப்ள” என்று சொல்லிவிட்டுப் பழக்கத்தில் ஃபிரிட்ஜைத் திறக்கப் போனார். “வேணாங்க அத்த, தண்ணி போதும்” என்றேன். அவர் ஏதோ புரிந்ததுபோல வெளியே போய்விட்டார். என் மனைவி ஃபைலை வாங்கி ஒவ்வொரு தாளாகப் படித்தாள். விண்ணப்பம் சரிபார்க்கிறவள், ஒரு எழுத்தையும் விட மாட்டாள். படித்து முடித்து அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டாள்.

“டாக்டர் முன்னாடியே சொன்னாங்க.”

“ஆமா.”

“உங்களுக்கும் உள்ளுக்குள்ள தெரியும்.”

“தெரியும்” என்றேன்.

“அன்னிக்கு எங் கையில இருந்து அந்தப் புள்ளய வாங்கிக்கினு போனாங்களே. அப்பவாவது, நாங்க இன்னும் பாக்கணும், அவகிட்டதான் கோளாறுன்னு சொல்லாதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். நீங்க இன்னொரு டம்ளர் கேட்டீங்க.”

நான் அவள் காலைத் தொடப் போனேன். இழுத்துக்கொண்டாள்.

“எங்கிட்ட வேணாம். அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்.”

முதலில் அம்மாவிடம் நான் தனியாகத்தான் சொன்னேன். அம்மா ரிப்போர்ட்டைத் தொடவே இல்லை.

“ஆம்பளைக்கு இன்னாடா கோளாறு? உங்கப்பன் அவ்ளோ குடிச்சான், அவனுக்கே நீ பொறந்த. கலரு குடிச்சாவாடா புள்ள பொறக்காது?”

“அம்மா, எனக்கு ஈரல்ல கொழுப்பு. அப்பா மாதிரி ஆரம்பிச்சிருக்குது.”

அவள் முகம் சட்டென்று ஒடுங்கியது. அப்பாவோடு சேர்த்துச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் வேறு எதுவும் அவள் காதில் ஏறியிருக்காது. அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். “நான்தானடா எடுத்து எடுத்துக் குடுத்தேன்” என்றாள். பிறகு, “வெளிய யாருக்கும் சொல்லாத. மானம் போயிடும்” என்றாள்.

“அவளுக்கு ஆறு வருஷமாப் போச்சேம்மா.”



அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் அத்தை நின்றிருந்தார். சுற்றிலும் உறவுப் பெண்கள் நான்கைந்து பேர். என் மனைவி திருக்கோவிலூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, சொன்னபடி என் பக்கத்தில் நின்றாள். நான் அத்தையைப் பார்த்துச் சொன்னேன்.

“அத்த, ஒண்ணு சொல்லணும். குறை எங்கிட்டதான். அவகிட்ட இல்ல. டாக்டர் எழுதிக் குடுத்திருக்காங்க.”

அத்தையின் கண் என் முகத்திலிருந்து இறங்கி என் மார்பில் நின்று, மறுபடி மேலே வந்தது. அந்த ஒரு நொடியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பிறகு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயோ, பாவம்டா நீ. இத வாயத் தொறந்து சொல்ல எவ்ளோ கஷ்டமா இருந்திருக்கும்!”

மற்றவர்களும் உச்சுக்கொட்டினார்கள். ஒருத்தி கஷாயம் சொன்னாள், இன்னொருத்தி ஜெபிக்கிறேன் என்றாள். என் மனைவி அத்தனை பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

“ஆறு வருஷத்துல எனக்கு ஒருத்தரும் பாவம்னு சொல்லல” என்றாள்.

சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள். யாரும் அவள் பின்னால் போகவில்லை. நான் போனேன். அன்று அவள் என்னோடு பேசவில்லை, ஆனால் கூட நிற்காதே என்றும் சொல்லவில்லை.

ஏஜென்சியில் கெஞ்சி லைன் மாற்றிக்கொண்டேன். இப்போது சோப்பும் ஊதுபத்தியும் ஏற்றிக்கொண்டு சின்னசேலம் பக்கம் போகிறேன். மலைக்கு வேறு ஆள் போகிறார். பெட்டிகள் குறையவில்லை, ஏறித்தான் இருக்கின்றன என்று அவரே சொன்னார். அந்தக் குழந்தைக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. ஒருநாள் பஸ் ஏறிப் போய் அந்தப் பெண்ணிடம் பேச வேண்டும் என்று நினைப்பதோடு சரி. பேசினாலும் பாலை எங்கிருந்து கொண்டுவந்து கொடுப்பேன்?

நான்கு மாதம் கழித்து என் மனைவி திரும்பி வந்தாள். வந்த அன்றே ஃபிரிட்ஜைக் கழுவித் துடைத்து, தண்ணீர் பாட்டில்களை அடுக்கினாள். அவளும் அம்மாவும் தேவைக்குத்தான் பேசிக்கொள்கிறார்கள். நான் இரண்டு தடவை மறுபடியும் கலர் குடித்துவிட்டேன். ஒரு தடவை அவளே கண்டுபிடித்தாள், ஒரு தடவை நானே சொன்னேன். தினமும் காலை ஏரிக்கரையில் நடக்கிறேன். தொண்ணூற்றொன்றுக்கு வந்திருக்கிறேன். கல்லீரலில் கொழுப்பு குறைந்திருக்கிறது. ஆசை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. ஆனால் நான் அவள் பக்கத்தில் போய்ப் படுக்கும்போது அவள் உடம்பு இறுகிவிடுகிறது. நான் கையை எடுத்துக்கொள்கிறேன். அதற்கு ரத்தப் பரிசோதனை இல்லை.

உயிரணு இன்னும் போதவில்லை. போன மாதம் டாக்டரம்மா, ஏறியிருக்கிறது, ஆனால் இந்த வேகத்தில் காத்திருக்க உங்கள் மனைவிக்கு வயது இடம் கொடுக்காது, பாண்டிச்சேரியில் செயற்கைக் கருத்தரிப்பு மையத்தில் போய்ப் பாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அவளுக்கு முப்பத்தைந்து நடக்கிறது. நான் மூன்று வருடம் முன்னால் வந்திருந்தால் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

வெளியே வந்து கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் சங்கராபுரம் பஸ்ஸுக்காக நின்றோம். நல்ல வெயில். அவள் சீட்டை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

“போவலாமா பாண்டிச்சேரிக்கு?” என்று கேட்டேன்.

“போவலாம்.”

“உனக்கு நம்பிக்க இருக்குதா?”

அவள் பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். “அதெல்லாம் இப்ப கேக்காதீங்க” என்றாள். “எந்தக் கிழமன்னு மட்டும் சொல்லுங்க. லீவு எழுதிக் குடுக்கணும்.”

வியாழக்கிழமை என்றேன். பஸ் வந்தது. பெண்கள் பக்கம் ஒரு இடம் இருந்தது, அவள் உட்கார்ந்தாள். நான் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஊர் வரும்வரை அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் ஒரு தடவையும் திரும்பவில்லை.